சோவியத் வீட்டு மின்னணுக் கருவிகள்: ஒரு விமர்சனப் பார்வை

சோவியத் ஒன்றியத்தில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1991 வரை வீட்டுப் பயன்பாட்டுக்காகத் தயாரிக்கப்பட்ட வானொலிப் பெட்டி, தொலைக்காட்சி, கணிப்பான், வீடியோ கருவி, வீட்டுக் கணினி ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இவை அனைத்தும் அரசுத் தொழிற்சாலைகளில், மையத் திட்டத்தின்படி, அரசு குறித்த விலையில் உருவானவை. பல கருவிகளில் விலை உடலின் மீதே அச்சாகியிருக்கும். கடைக்காரர் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இக்கருவிகளைப் பற்றி இன்று இரண்டு வகைப் பேச்சுகளே அதிகம் காணப்படுகின்றன. ஒன்று ஏளனம்: எல்லாம் மேற்கத்திய நகல், பாதி வேலை செய்யாது, மீதி தீப்பிடிக்கும். மற்றொன்று ஏக்கம்: அந்தக் காலத்துப் பொருள், நாற்பது ஆண்டுகளாக இன்னும் ஓடுகிறது. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால், ஒரே அரசு, ஒரே திட்டக் குழு, ஏறத்தாழ ஒரே தரமான பொறியாளர்கள் இருந்தும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அருமையான வானொலியும் இன்னொன்றிலிருந்து அபாயகரமான தொலைக்காட்சியும் ஏன் வந்தன என்ற கேள்விக்கு இரண்டு பேச்சும் விடை சொல்வதில்லை. பொருளைப் பயன்படுத்துபவர் சொல்வதைக் கேட்கும் காது அந்த ஏற்பாட்டில் இல்லை. அவர் தம் கையாலேயே கருவிக்குள் நுழைய வழி கிடைத்த இடங்களில் கருவி தேறியது. அந்த வழி அடைபட்டிருந்த இடங்களில் குறை குறையாகவே நின்றது. சோவியத் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

திட்டமும் தொழிற்சாலையும்

மின்னணுத் தொழிலை ஒரே அமைச்சகம் நடத்தவில்லை. வானொலித் தொழிலுக்கு ஓர் அமைச்சகம், மின்னணுத் தொழிலுக்கு ஓர் அமைச்சகம், தகவல்தொடர்புக் கருவிகளுக்கு மற்றோர் அமைச்சகம் எனப் பிரிந்திருந்தது. மூன்றுக்கும் முதல் வாடிக்கையாளர் இராணுவமே. வீட்டுப் பொருட்கள் அதே தொழிற்சாலைகளுக்குக் கூடுதல் கடமையாக வந்து சேர்ந்தன. 'எலெக்ட்ரோனிகா' என்பதை சோனி, பிலிப்ஸ் போல ஒரு நிறுவனம் என்று பலர் எண்ணுகின்றனர். அது மின்னணுத் தொழில் அமைச்சகத்தின் கீழிருந்த பல தொழிற்சாலைகளுக்குப் பொதுவான வணிகப் பெயர். கைக்கடிகாரம், கணிப்பான், டேப் ரெக்கார்டர், கணினி எல்லாம் அந்தப் பெயரிலேயே வந்தன. எனவே 'எலெக்ட்ரோனிகா' நல்ல பெயரா கெட்ட பெயரா என்று கேட்பதில் பயனில்லை. எந்த ஊர்த் தொழிற்சாலை, எந்த மாதம் என்றுதான் கேட்க வேண்டும்.

மாதம் என்பது வேடிக்கைக்காகச் சொன்னதன்று. திட்ட இலக்கை மாத முடிவுக்குள் எட்டினால்தான் தொழிற்சாலைக்கு ஊக்கத்தொகை. உதிரிபாகங்களோ சமயத்தில் வந்து சேராது. ஆகவே முதல் பத்து நாள் மெதுவாகவும் கடைசிப் பத்து நாள் இரவும் பகலுமாகவும் வேலை நடக்கும். இதற்கு ரஷ்ய மொழியில் 'ஷ்துர்மவ்ஷீனா' என்றே ஒரு சொல் உண்டு. போர்க்களத்தில் கோட்டையைத் தாக்குவது போன்ற அவசரம் என்பது அதன் பொருள். அனுபவப்பட்ட சோவியத் வாங்குநர், பெட்டியோடு வரும் குறிப்பேட்டைப் புரட்டித் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பார். மாதத்தின் முற்பகுதியில் முடிந்த பெட்டி கிடைத்தால் மகிழ்ச்சி. கடைசி வாரத்துத் தேதியென்றால் வேறொன்று இருக்கிறதா என்று கேட்பார். பல சமயம் வேறொன்று இருக்காது.

சில்லுகளின் மேல் எழுதப்பட்ட எழுத்திலேயே யாருக்கு எது என்பது தெரியும். சோவியத் குறியீட்டு முறையில் சில்லின் பெயர் 'கே' என்ற எழுத்தில் தொடங்கினால் அது பொதுப் பயன்பாட்டுக்கானது. அந்த எழுத்து இல்லாமல் எண்ணிலேயே தொடங்கினால் இராணுவத் தரச் சோதனையில் தேறியது. சில்லின் வடிவமைப்பு ஒன்றாகவே இருக்கலாம். சோதனையும் உறையும் வேறு. வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கிடைத்தவை எப்போதும் 'கே' வகைதான்.

இன்னொரு சிறு விவரமும் நிறையச் சொல்கிறது. மேற்கத்தியச் சில்லுகளின் கால்களுக்கு இடையே ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர் இடைவெளி. சோவியத் தரநிலை மெட்ரிக் முறையில் இதை 2.5 மில்லிமீட்டராக வகுத்தது. வேறுபாடு 0.04 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நாற்பது கால் சில்லில் ஒரு பக்கத்துக்கு இருபது கால்கள், பத்தொன்பது இடைவெளிகள். கூட்டினால் 0.76 மில்லிமீட்டர், கடைசிக் கால் துளைக்குள் நேராக இறங்காது. வெளிநாட்டுச் சில்லைச் சோவியத் பலகையில் பொருத்த விரும்பியவர் கால்களைச் சற்றே வளைத்தாக வேண்டும். தரநிலை வகுத்த அலுவலகத்துக்கு இது ஒரு பொருட்டாகத் தெரிந்திருக்காது. சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தவருக்குத் தெரிந்தது.

தரத்தை உயர்த்த அரசு முயலவில்லை என்று சொல்வது அநியாயம். 1967இல் ஐங்கோண வடிவில் அரசுத் தர முத்திரை அறிமுகமானது. தொடக்கத்தில் அதற்கு மதிப்பு இருந்தது. பிறகு முத்திரை பெற்ற பொருட்களின் விகிதமே திட்டத்தில் ஓர் இலக்காயிற்று. இலக்கானதும் முத்திரை தாராளமாகக் கிடைத்தது. 1987 முதல் தொழிற்சாலைக்குக் கட்டுப்படாத அரசு ஆய்வாளர்களை வாயிலிலேயே நிறுத்திப் பார்த்தனர். ஏராளமான பொருட்கள் திருப்பி அனுப்பப்பட்டன. திட்ட இலக்குகள் தவறின. ஆய்வின் கடுமை சில மாதங்களிலேயே தளர்ந்தது.

கே.வி.என்.-49: தண்ணீர் நிரப்பிய கண்ணாடி

சோவியத் வீடுகளுக்குள் பெருமளவில் நுழைந்த முதல் தொலைக்காட்சி கே.வி.என்.-49. வடிவமைத்த மூன்று பொறியாளர்களின் பெயர்களின் முதலெழுத்துகளும் 1949 என்ற ஆண்டும் சேர்ந்து அதன் பெயராயின. திரையின் மூலைவிட்ட அளவு 18 சென்டிமீட்டர்; ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டை. அதற்கு முன்னால் தண்ணீரோ கிளிசரினோ நிரப்பிய பெரிய உருப்பெருக்கி ஒன்றை நிறுத்திக் குடும்பத்தோடு அக்கம்பக்கத்தாரும் உட்கார்ந்து பார்த்தனர். மூன்றெழுத்துப் பெயருக்கு மக்கள் வேறு விரிவும் வைத்தனர்: 'வாங்கினேன், போட்டேன், வேலை செய்யவில்லை'. ரஷ்ய மொழியில் இச்சொற்களின் முதலெழுத்துகளும் கே.வி.என்.தான்.

கேலி செய்தாலும் அக்காலத்துக்கு அது நேர்மையான பொருள். 625 வரி ஒளிபரப்பை ஏற்றது. விலை ஒப்பீட்டளவில் எட்டக்கூடியதாக இருந்தது. சிறிய திரை என்பது திருட்டுத்தனமன்று, கையிருப்பில் இருந்த படக்குழாயின் எல்லை. அந்த எல்லையைத் தாண்டும் வேலை பார்ப்பவரிடம் விடப்பட்டது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. உருப்பெருக்கியைத் தனியே வாங்கிச் சரியான தூரத்தில் நிறுத்தி, தண்ணீர் குறைந்தால் ஊற்றி, கருவியை அவர்தாம் முழுமையாக்கினார்.

ஸ்பிடோலா: உருளையில் ஒரு வாசல்

ரீகா நகரின் வி.இ.எஃப். தொழிற்சாலை சோவியத் ஆட்சி வருவதற்கு முன்பே பெயர் பெற்றது. உள்ளங்கையில் அடங்கும் மினாக்ஸ் காமிரா 1938இல் அங்குதான் உற்பத்திக்கு வந்தது. போருக்குப் பின் சோவியத் திட்டத்துக்குள் வந்த அத்தொழிற்சாலை, 1960களின் தொடக்கத்தில் 'ஸ்பிடோலா' என்ற டிரான்சிஸ்டர் வானொலியை வெளியிட்டது. லாட்வியக் காவியமான 'லாச்பிளேசிஸ்' நூலில் வரும் சூனியக்காரியின் பெயர் அது. சிற்றலையும் கேட்கக்கூடிய, தூக்கிச் செல்லத்தக்க, பெருமளவில் தயாரான முதல் சோவியத் டிரான்சிஸ்டர் பெட்டி அதுவே.

ஒலி தெளிவு, உணர்திறன் மிகுதி, தோற்றமும் அழகு. அக்காலத்து மேற்கத்தியப் பெட்டிகளோடு தயக்கமின்றி நிறுத்தலாம். ஆனால் அதன் சிற்றலைப் பட்டைகள் 25 மீட்டரோடு நின்றன. அதைவிடக் குறுகிய 19, 16, 13 மீட்டர்ப் பட்டைகள் உள்நாட்டுப் பெட்டிகளில் வைக்கப்படவில்லை. ஏற்றுமதிக்கெனச் செய்த பெட்டிகள் பலவற்றில் அவை இருந்தன. ஆகவே தொழில்நுட்ப இயலாமை காரணமன்று. 1948 முதல் சோவியத் அரசு வெளிநாட்டு ரஷ்ய மொழி ஒலிபரப்புகளின் மீது இரைச்சலை ஏவித் தடுத்துவந்தது. இரைச்சலால் மூட வேண்டிய பட்டைகள் குறைவாக இருப்பது அரசுக்கு வசதி. மக்களிடம் பெட்டியே இல்லாத பட்டையில் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. இதே அரசு தன் மாஸ்கோ வானொலியைத் தமிழ் உள்படப் பல மொழிகளில் அதே சிற்றலை வழியாக உலகெங்கும் அனுப்பிவந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி ஸ்பிடோலாவின் உள்ளே பார்க்கலாம். பட்டை மாற்றும் பகுதி ஒரு சுழலும் உருளை. ஒவ்வொரு பட்டைக்கும் உரிய சுருள்களும் மின்தேக்கிகளும் தனித்தனிச் சிறு பட்டிகைகளில் பொருத்தப்பட்டு அந்த உருளையில் செருகப்பட்டிருக்கும். ஒரு பட்டிகையைக் கழற்றி வேறொன்றைச் செருகுவது கைவேலை தெரிந்தவருக்கு எளிது. சுருளின் சுற்றுகளைக் கணக்கிட்டு மாற்றிச் சுற்றி, அதிகம் பயன்படாத ஒரு பட்டையின் இடத்தில் 16 அல்லது 19 மீட்டரைப் பொருத்திக் கொடுப்பவர்கள் ஊர்தோறும் இருந்தனர். தொழிற்சாலையில் உற்பத்தி வசதிக்காகச் செய்த அமைப்பு, வீட்டில் தடையைத் தாண்டும் வாசலாயிற்று.

பெட்டியோடு மின்சுற்று வரைபடமும் கிடைத்தது. சோவியத் கருவிகளுடன் வரும் குறிப்பேட்டை அவர்கள் 'பாஸ்போர்ட்' என்பர். பெரும்பாலானவற்றில் முழுச் சுற்று வரைபடமும் உதிரிபாகப் பட்டியலும் அச்சாகியிருக்கும். இன்று வாங்கும் எந்தக் கைப்பேசியுடனும் இது வருவதில்லை. சந்தை நாடுகளில் வரைபடம் நிறுவனத்தின் இரகசியமாகிவிட்டது. சோவியத் நாட்டில் அதை ஒளித்து வைக்க யாருக்கும் ஆதாயம் இல்லை. ஏக்கப் பேச்சு பேசுவோர் கருவியின் எஃகையும் எடையையும் புகழ்கின்றனர். புகழத்தக்கது இந்த மடித்த தாள்தான்.

இரைச்சல் ஒலிபரப்பு பி.பி.சி. மீது 1987 ஜனவரியிலும், லிபர்ட்டி வானொலி மீது 1988 நவம்பரிலும் நிறுத்தப்பட்டது. அதுவரை, இரவில் சமையலறை மேசையில் ஆண்டெனாவை நீட்டி, அலையைத் தேடி விரலால் குமிழைத் திருகிய தலைமுறைக்கு ஸ்பிடோலாவும் அதன் வழிவந்த வி.இ.எஃப். பெட்டிகளும் வெறும் பொழுதுபோக்குச் சாதனங்களாக இருக்கவில்லை.

வண்ணத் தொலைக்காட்சி: வாசலற்ற பெட்டி

பிரான்சுடன் 1965இல் செய்த உடன்பாட்டின்படி செகாம் முறையை ஏற்ற சோவியத் ஒன்றியம், 1967 அக்டோபரில் முறையான வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. பெட்டிகளுக்கு ஒருங்கிணைந்த வடிவமைப்பு வகுக்கப்பட்டது. வால்வுகளும் டிரான்சிஸ்டர்களும் கலந்த ஒரே சுற்றமைப்பு பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டது. மாஸ்கோவில் அது 'ரூபின்', லெனின்கிராட்டில் 'ரதுகா', லிவிவில் 'எலெக்ட்ரோன்'. முகமும் பெயரும் வேறு, உள்ளே ஒன்றே. பழுது நீக்குபவருக்கு இது பெரிய நன்மை. ஒரு பெட்டியைக் கற்றவர் எல்லாப் பெட்டிகளையும் கற்றார். உதிரிபாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

தீமையும் அதே வழியில் வந்தது. ஓரிடத்தில் நேர்ந்த வடிவமைப்புக் குறை நாடு முழுதும் பரவியது. வால்வுகளின் வெப்பம், படக்குழாய்க்கு வேண்டிய ஏறத்தாழ 25,000 வோல்ட் மின்னழுத்தம், எளிதில் பற்றும் உடற்பகுதி, ஏற்றத்தாழ்வான தரமுடைய மின்தேக்கிகள் எல்லாம் சுமார் 60 கிலோ எடையுள்ள ஒரே பெட்டிக்குள். பார்த்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும், ஆளில்லாமல் ஓடவிடக் கூடாது என்ற எச்சரிக்கை எல்லோர் வீட்டிலும் வழக்கமானது. 1980களில் சோவியத் பத்திரிகைகளே தொலைக்காட்சித் தீவிபத்துகளைப் பற்றி வெளிப்படையாக எழுதின. 1991 பிப்ரவரி 23 அன்று லெனின்கிராட் நகரில் ஊரின் பெயரையே கொண்ட விடுதியில் தீப்பிடித்து, ஒன்பது தீயணைப்பு வீரர்கள் உள்பட 16 பேர் இறந்தனர். அறையொன்றில் இருந்த 'ரெகோர்ட்' வகைத் தொலைக்காட்சியே காரணம் என்று அதிகாரபூர்வ விசாரணையில் கூறப்பட்டது.

வானொலியில் நடந்தது இங்கு ஏன் நடக்கவில்லை? தொலைக்காட்சிக்கும் வரைபடம் உண்டு. சுற்றைத் தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் 25,000 வோல்ட்டை வீட்டில் திருத்த முடியாது. தரங்கெட்ட மின்தேக்கிக்கு நல்ல மாற்று கடையில் கிடைக்காது. குறையைச் சொல்லிக் கடிதம் எழுதலாம். பத்திரிகைகளுக்கும் அமைச்சகங்களுக்கும் மக்கள் எழுதவும் செய்தனர். கடிதம் தொழிற்சாலையை எட்டினாலும் அதனால் அதன் மாத இலக்கு மாறாது. தட்டுப்பாட்டுச் சந்தையில் எந்தப் பெட்டியும் விற்காமல் கிடப்பதும் அரிது. விற்காமல் கிடக்கும் சரக்கு கொடுக்கும் எச்சரிக்கை மணி அந்தத் தொழிற்சாலைக்குக் கேட்கவே இல்லை. ஏளனம் செய்வோர் இங்கே பொறியாளரின் திறமையின்மையைக் காண்கின்றனர். விண்வெளிக்கு மனிதனை அனுப்பிய நாட்டுக்கு மின்தேக்கி செய்யத் தெரியாது என்பது நம்பத்தக்க விளக்கமன்று. நல்ல மின்தேக்கி இருந்தது. அது வேறு கதவு வழியாக வெளியேறியது.

பி3-34: மாணவர் கண்டுபிடித்த கணிப்பான்

1980இல் வந்த 'எலெக்ட்ரோனிகா பி3-34' என்ற நிரலேற்றும் கணிப்பான், சோவியத் வீட்டு மின்னணுவியலில் மிக உயர்ந்த பாராட்டுக்குரியது. வசதிகளால் அதற்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கீவ் நகரில் உருவாக்கப்பட்ட இதற்கு 98 படிகள் கொண்ட நிரல் நினைவகமும் எண்களைச் சேமிக்க 14 பதிவகங்களும் இருந்தன. ஒரு நொடியில் சில செயல்களையே செய்யும். மின்சாரத்தை நிறுத்தினால் நிரல் அழிந்துவிடும்; அடுத்த முறை எல்லாவற்றையும் மீண்டும் விசை விசையாக அழுத்த வேண்டும். விலை 85 ரூபிள். அன்றைய சராசரி மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ பாதி.

கணக்குப் போடும் முறையும் வழக்கத்துக்கு மாறானது. இரண்டையும் மூன்றையும் கூட்ட, முதலில் 2, பிறகு ஏற்றும் விசை, பிறகு 3, கடைசியில் கூட்டல் குறி. எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் ஏறும். செயல் அடுக்கின் உச்சியில் நடக்கும். அமெரிக்க எச்.பி. கணிப்பான்களிலும் இம்முறை உண்டு. ஆனால் பி3-34இன் நிரல் மொழி அவற்றின் நேர் நகலன்று. அடைப்புக்குறியே தேவைப்படாத இம்முறையில் பழகிய மாணவருக்கு ஒரு கணக்கை எந்த வரிசையில் உடைப்பது என்பது தானாகவே பிடிபடும்.

அடுத்து நடந்ததை எந்தத் திட்டமும் எதிர்பார்க்கவில்லை. தவறான கணக்கைக் கொடுத்தால் திரையில் 'எரர்' என்ற ஆங்கிலச் சொல் தோன்ற வேண்டும். ஏழு கோடுகளால் எழுத்தமைக்கும் திரையில் அது முழுமையாக வராது. ரஷ்யக் கண்ணுக்கு அது 'யெக்கோக்' என்று தெரிந்தது. தடை செய்யப்பட்ட செயல்களைச் செய்து, யெக்கோக் வந்தபின் மேலும் விசைகளை அழுத்தி, கையேட்டில் இல்லாத நிலைகளுக்குள் கணிப்பானைச் செலுத்த முடியும் என்று பயனர்கள் கண்டனர். எண்ணே அல்லாத குறிகள் திரையில் வந்தன. மறைந்திருந்த செயல்கள் வெளிப்பட்டன. பதிவகங்களை வேறு விதமாகப் பயன்படுத்த வழி பிறந்தது. இத்தேடலுக்கு 'யெக்கோக்காலஜி' என்று பெயரும் வைத்தனர். 98 படிகள் போதாத இடத்தில் ஒரு படியை மிச்சப்படுத்த இந்த இரகசிய வழிகள் உதவின.

'அறிவியலும் வாழ்வும்' என்ற பொருள்படும் இதழில் கணிப்பான் பயனர்களுக்கெனவே ஒரு பகுதி தொடர்ந்து வந்தது. 'இளைஞர்களுக்குத் தொழில்நுட்பம்' என்ற பொருளுடைய இதழில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் மிகயீல் பூகவ் 1985இல் ஒரு தொடரைத் தொடங்கினார். நிலவிலிருந்து ஒரு சிறு கலத்தில் பூமிக்குத் திரும்பும் இரு விண்வெளி ஓட்டிகளின் கதை அது. அத்தியாயத்தோடு நிரலும் அச்சாகும். வாசகர் தம் கணிப்பானில் அதை ஏற்றி, எரிபொருளையும் முடுக்கத்தையும் தாமே தீர்மானித்து இறங்கிப் பார்க்க வேண்டும். எண்களே விளையாட்டின் படம். ஒரு பௌதிகப் பாடம் இவ்வளவு பேரை இவ்வளவு ஆசையாக உட்கார வைத்ததற்கு வேறு எடுத்துக்காட்டு தேடுவது கடினம்.

இதை 1985 செப்டம்பரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கல்வியாண்டில் சோவியத் மேல்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் கணினியியல் கட்டாயப் பாடமானது. நிரலெழுதுவது இரண்டாவது எழுத்தறிவு என்று 1981இலேயே வாதிட்ட அந்திரேய் யெர்ஷோவ் அதன் பின்னணியில் இருந்தார். பாடம் வந்தது, பெரும்பாலான பள்ளிகளுக்குக் கணினி வரவில்லை. மாணவர்கள் நிரலைத் தாளில் எழுதினர், ஆசிரியர் தாளில் திருத்தினார். பல பள்ளிகளில் பி3-34உம் அதன் வழிவந்த எம்.கே.-54, எம்.கே.-61 ஆகியவையுமே கையில் கிடைத்த இயந்திரங்கள். கருவி வராத பாடத்திட்டத்தோடு வகுப்பறையில் நின்ற ஆசிரியரின் நிலையை எந்த நாட்டு ஆசிரியரும் புரிந்துகொள்வர். அந்தச் சிறிய கணிப்பான் அங்கே ஒரு கணினி அறையின் வேலையைச் செய்தது. இதே வரிசையில் வந்த எம்.கே.-52, 1988இல் சோயுஸ் டி.எம்.-7 கலத்தில் மாற்றுக் கணக்கீட்டுக் கருவியாக விண்ணுக்கும் சென்றது.

நகல்கள்

'எலெக்ட்ரோனிகா ஐ.எம்.-02' என்ற விளையாட்டுக் கருவி (1984) இன்று மிக அதிகமாக நினைவுகூரப்படுவது. ஓநாய் கூடையோடு நின்று நான்கு பக்கமிருந்து உருளும் முட்டைகளைப் பிடிக்கும். நிண்டெண்டோ 1981இல் வெளியிட்ட விளையாட்டின் நகல் அது. புகழ்பெற்ற சோவியத் கார்ட்டூன் தொடரான 'நூ, பகதீ!'யின் ஓநாயை அதில் ஏற்றினர். 'இரு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்!' என்று முயலை மிரட்டும் அதே ஓநாய். விலை 25 ரூபிள். ஆயிரம் புள்ளி எடுத்தால் திரையில் கார்ட்டூன் ஓடும் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. ஆயிரத்தை எட்டியவர்கள் எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதையே கண்டனர். குழந்தைகளுக்கு அது தந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பி3-34இன் அருகில் வைத்தால் இது மூடிய பெட்டி. வதந்தியே அதற்குச் சாட்சி: உள்ளே நுழைய வழியில்லாத இடத்தில் மக்கள் கற்பனையால் நுழைந்தனர்.

1984இல் வந்த 'எலெக்ட்ரோனிகா வி.எம்.-12' வீடியோ கருவி பானசோனிக் கருவியொன்றைப் பின்பற்றிச் செய்தது. 1200 ரூபிள், அன்றைய சராசரிச் சம்பளத்தில் ஆறு மாதத்துக்கு மேல். வரிசையில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். அரசு விற்ற கருவிக்குப் போட்டுப் பார்க்க அரசு தந்த படங்களோ மிகச் சில. கள்ள நாடாக்களைத் தேடி வந்த காவலர்கள் முதலில் குடியிருப்பின் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள் என்று பலர் பதிவு செய்துள்ளனர். மின்சாரமில்லாமல் நாடாவை வெளியே எடுக்க முடியாதல்லவா?

கணினிக் கதை இன்னும் தெளிவானது. மாஸ்கோ மின்னணுப் பொறியியல் நிறுவனத்தில் பணியாற்றிய மூவர் 1980 வாக்கில் இன்டெல் 8080இன் சோவியத் இணைச் சில்லைக் கொண்டு ஒரு சிறு கணினியைச் செய்து ஓர் அமைச்சக உயர் அதிகாரியிடம் கொண்டுபோனார்கள். தனிநபர் கார் உண்டு, தனிநபர் ஓய்வூதியம் உண்டு, தனிநபர் கணினி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று அவர் சொல்லி அனுப்பியதாக அவர்களில் ஒருவர் பின்னாளில் எழுதினார். கணினி என்றால் நூறு சதுர மீட்டர் இடமும் இருபத்தைந்து ஊழியரும் மாதம் முப்பது லிட்டர் சாராயமும் என்பது அந்த அதிகாரியின் விளக்கம். சாராயம் துடைப்பதற்காக ஒதுக்கப்படுவது. முழுதும் துடைக்கவே பயன்பட்டதா என்பது வேறு. அவர்கள் வரைபடத்தை 'ராதியோ' இதழுக்குக் கொடுத்தனர். 1982–83இல் 'மிக்ரோ-80' என்ற பெயரில் அது வெளியானது. ஏறத்தாழ இருநூறு சில்லுகள் வேண்டும். பல கடையில் கிடைக்காதவை. ஆனாலும் செய்தவர்கள் இருந்தார்கள். 1986இல் அதே இதழ் 29 சில்லுகளில் அடங்கும் 'ராதியோ-86ஆர்.கே.' வடிவை வெளியிட்டது. பல தொழிற்சாலைகள் பிறகு அதைத் தழுவிக் கணினிகளை உற்பத்தி செய்தன. இதழ் வாசகர்களுக்காக வரையப்பட்டது திட்டத்துக்குள் நுழைந்த அரிய நிகழ்வு இது.

அமைச்சகமே வெளியிட்ட பி.கே.-0010 வீட்டுக் கணினி, அமெரிக்க பி.டி.பி.-11 கணினியின் கட்டளைத் தொகுதியை ஏற்ற 16 பிட் செயலியைக் கொண்டது. மேற்கத்திய வீடுகளில் பெரும்பாலும் 8 பிட் கணினிகளே இருந்த காலம் அது. அத்தகைய செயலிக்கு 32 கிலோபைட் நினைவகம் கொடுத்து, அதில் பாதியைத் திரைக்கு ஒதுக்கி, தட்டச்சு செய்யவே முடியாத தட்டையான விசைப்பலகையைப் பொருத்தி, மாணவர் அறியாத ஃபோக்கல் மொழியை உள்ளே வைத்தனர். பேசிக் மொழியும் சரியான விசைகளும் பிந்திய வடிவங்களில்தான் வந்தன. சிறந்த செயலியை இவ்வளவு வீணடித்த கணினி வேறு இருக்குமா என்பது ஐயமே. வாங்கியவர்கள் நேரடியாக இயந்திர மொழியில் இறங்கி அதிலிருந்தும் நல்ல விளையாட்டுகளைப் பிழிந்தெடுத்தனர்.

1988 வாக்கில் லெனின்கிராட் பொறியாளர் ஒருவர் பிரிட்டனின் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினியைச் சாதாரணச் சோவியத் சில்லுகளால் எளிமையாக்கி வரைந்தார். வெறும் பலகைகள் ரேடியோச் சந்தைகளில் விற்றன. செயலி வெளிநாட்டிலிருந்து வந்தது. கிழக்கு ஜெர்மனியின் யு880உம் அதில் பயன்பட்டது. சமையலறை மேசைகளில் சால்டர் செய்து முடிக்கப்பட்ட இந்தக் கணினிகள் சில ஆண்டுகளில் நாட்டின் மிகப் பரவலான வீட்டுக் கணினியாயின. எந்த ஐந்தாண்டுத் திட்டத்திலும் அவற்றுக்கு இலக்கு குறிக்கப்படவில்லை.

1991க்குப் பின்

எல்லைகள் திறந்ததும் கிழக்காசியப் பெட்டிகள் வந்து குவிந்தன. பல தொழிற்சாலைகள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஓய்ந்தன, ரீகாவின் வி.இ.எஃப். சிறிது சிறிதாகச் சுருங்கியது. எஞ்சிய கருவிகளைத் தேடி இன்று இரு வகையினர் அலைகின்றனர். சேகரிப்பவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் பழைய பலகைகளை எடைக்கு வாங்குபவர்கள். சில வகைச் சோவியத் மின்தேக்கிகளில் பல்லேடியமும் பிளாட்டினமும், இணைப்பிகளில் தங்கமும் உண்டு. எந்தக் கருவியில் எத்தனை கிராம் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படுவதில்லை. சுற்று வரைபடத்தோடு வந்த அதே பாஸ்போர்ட்டில் அந்த அளவும் அச்சாகியிருக்கிறது.